வடக்குப் பாதையும் அம்மைப்பாலும்: மாத்தளையில் தொற்றுநோயின் வரலாறு

இலங்கையின் வடபகுதி வறண்ட சமவெளி மத்திய மலைநாட்டின் அடிவாரத்தைத் தொடும் இடத்தில் மாத்தளை மாவட்டம் அமைந்திருக்கிறது. மன்னாரிலிருந்து தெற்கே வரும் பெருவழி தம்புள்ளை, நாலந்தை ஆகிய ஊர்களைக் கடந்து மாத்தளை நகரை அடுத்து மலையேறுவதால், படைகளும் வணிகரும் வேலை தேடிவந்த தமிழ்த் தொழிலாளரும் இவ்வழியாகவே மலைநாட்டுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்களோடு பெரியம்மையும் வாந்திபேதியும் கொக்கிப்புழுவும் வந்து சேர்ந்தன. மாவட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அலுவிகாரையில் பாளி மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பெற்றதையும் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் நடுவாக வைத்தே எழுதப்படுகிறது. நோயும் நோய்த்தடுப்பும் அதில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றன.

ஆயினும் தொற்றுநோய் பற்றிய அடிப்படையான கேள்வியொன்றை ஆராய்வதற்கு மாத்தளையைப் போல் பொருத்தமான களம் அரிது. ஒரே நோய்க்கிருமி ஒருவரைக் கொல்வதும் இன்னொருவரைத் தொடாமல் போவதும் ஏன் என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேடுவோர் இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. நோய் ஓரிடத்துக்குள் நுழைவது ஒன்று. நுழைந்த இடத்தில் அது பெருகுவது மற்றொன்று. வைரசியலாளர் உயிர்க் கலங்களைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே பேணுகின்றனர். வைரசு உள்ளே வருவதற்கு இடங்கொடுக்கும் கலத்தை ‘ஏற்கும் கலம்’ என்றும், உள்ளே வந்த வைரசு பெருகுவதற்கும் இடங்கொடுக்கும் கலத்தை ‘வளரவிடும் கலம்’ என்றும் அவர்கள் வகுப்பர். இந்த வகைப்பாட்டை மனத்திற்கொண்டு மாத்தளையின் கடந்த இரு நூற்றாண்டுகளை நோக்கினால், அரசு பெரும்பாலும் நுழைவைத் தடுப்பதிலேயே கருத்தைச் செலுத்தியதும், நோயை வளரவிட்ட வாழ்நிலைமைகளை மாற்றுவதில் காலந்தாழ்த்தியதும் தெளிவாகப் புலப்படும்.

கண்டி அரசின் எல்லையில்

1803ஆம் ஆண்டில் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் மாத்தளையில் மக்டோவல் கோட்டையை அமைத்தனர். அவ்வாண்டிலேயே கண்டியில் இருந்த ஆங்கிலப் படை அழிந்ததும், மாத்தளைக் கோட்டையிலிருந்த சிறு படை திருகோணமலையை நோக்கிப் பின்வாங்கியது. அப்படையெடுப்பில் போரினால் மாண்டவர்களைவிடக் காட்டுக்காய்ச்சலால் மாண்டவர்களே மிகுதி. மலைநாட்டின் வாயிலில் நோய் தரும் இழப்பு எத்தகையது என்பதைக் குடியேற்ற ஆட்சியாளர் முதன்முதலாக அறிந்துகொண்ட களங்களுள் மாத்தளையும் ஒன்றாயிற்று.

அதற்கு ஓராண்டு முன்னர், 1802இல், ஆளுநர் பிரடெரிக் நோர்த்தின் ஆட்சிக்காலத்தில், பம்பாயிலிருந்து வந்த அம்மைப்பால் இலங்கையின் கரையோர மாகாணங்களில் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. பசுவம்மைக் கொப்புளத்திலிருந்து எடுக்கும் நீரை மனிதரின் தோலில் ஏற்றினால் பெரியம்மை அணுகாது என்று இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796இல் செய்துகாட்டிய முறையே அது. அக்காலத்தில் இலங்கையின் மருத்துவத் தலைமைப் பொறுப்பில் இருந்த தோமஸ் கிறிஸ்டி, அம்மைப்பால் வருவதற்கு முன்னர் பெரியம்மை தீவில் விளைவித்த அழிவைப் பற்றி எழுதிய நூல் 1811இல் வெளியாயிற்று. கண்டி அரசு 1815 வரை தன்னாட்சியோடு விளங்கியமையால் மாத்தளைக் கிராமங்கள் இம்முயற்சிக்கு வெளியே இருந்தன.

அக்கிராமங்களில் பெரியம்மை தெய்வங்கள் தரும் நோயாகவே கருதப்பட்டது. சிங்கள மக்கள் அதனைப் பத்தினித் தெய்வத்தோடு தொடர்புபடுத்தி, அத்தெய்வத்தின் சீற்றத்தைத் தணிக்கக் ‘கம்மடுவ’ என்னும் சடங்கை நிகழ்த்தினர். பத்தினியாக வணங்கப்படுபவள் கண்ணகியே. கிழக்கிலங்கைத் தமிழர் கண்ணகியம்மன் கோயில்களில் நிகழ்த்தும் குளிர்த்திச் சடங்கும் வெப்பு நோய்களைத் தணிக்கும் நம்பிக்கையிலேயே வேரூன்றியுள்ளது. ஆகவே, தமிழகத்துத் தொழிலாளர் மாரியம்மனோடு மாத்தளைக்கு வந்தபோது, அம்மை நோயைப் பெண்தெய்வத்தின் வருகையாகக் கொள்ளும் எண்ணம் அங்கு ஏற்கெனவே வழக்கில் இருந்தது.

வடக்குப் பாதை

1830களின் பிற்பகுதியிலிருந்து மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் விரைந்து பரவின. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் பெருந்தொகையான கைகள் தேவைப்பட்டமையால், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் தொழிலாளர் வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். பாக்கு நீரிணையைப் படகில் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கிய அவர்கள், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். இவ்வழியே ‘வடக்குப் பாதை’ எனப் பெயர்பெற்றது.

பாதையின் பெரும்பகுதி நீர் அரிதான காடு. தொழிலாளரைத் திரட்டி அழைத்துவந்த கங்காணியின் பின்னால் கூட்டமாக நடந்த மக்கள், வழியிலிருந்த குளங்களிலும் குட்டைகளிலுமே குடித்துக் குளித்துச் சமைத்தனர். ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் அடுத்தடுத்து வரும் கூட்டங்களுக்கும் அதே நீரின் வழியாக நோய் பரவியது. நடக்க இயலாதவர்களைச் சுமந்து செல்ல வழியில்லாதபோது அவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டனர். 1840களில் இப்பாதையிலும் தோட்டங்களிலும் இறந்தோர் எத்தனை பேர் என்பது அக்காலத்துப் பத்திரிகைகளிலேயே பெரும் விவாதப் பொருளாயிற்று; பின்வந்த வரலாற்றாசிரியர்களும் தொகையில் உடன்படவில்லை. இறப்பு மிகப் பெரிதாக இருந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

மாத்தளை நகரம் இப்பயணத்தின் முதல் மலைநாட்டுத் தங்குமிடம். அங்கிருந்து கூட்டங்கள் இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தோட்டங்களுக்கும், கண்டி வழியாக மேலும் தெற்கேயும் பிரிந்து சென்றன. சமவெளியின் வெப்பத்தில் பல நாள்கள் அரைவயிற்றோடு நடந்தவர்கள், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் மலையின் குளிரிலும் மழையிலும் புகுந்தனர். பெரியம்மையின் வைரசு அனைவருக்கும் ஒன்றுதான். வயிற்றோட்டத்தாலும் பசியாலும் நலிந்த உடலுக்கோ அதை எதிர்க்கும் வலு குறைவு. அரசாங்கத்தின் குறிப்புகள் தொழிலாளரை நோய் ‘கொண்டுவருவோர்’ என்றே பெரும்பாலும் பேசின. நோய்க்கு முதலில் இரையானோரும் அவர்களே என்பதும், அவர்களை இரையாக்கியது பாதையின் நிலையே என்பதும் அக்குறிப்புகளில் பின்தள்ளப்பட்டன. பாதையோரத்தில் தங்குகொட்டில்களும் கிணறுகளும் மருத்துவமனைகளும் படிப்படியாகவே ஏற்பட்டன; 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குத் தொடருந்துப் பாதை திறக்கப்பட்ட பின்னரும் வடக்கேயிருந்து வந்தவர்கள் மாத்தளை வரை நடந்தே வரவேண்டியிருந்தது.

முத்துமாரியம்மனும் லயத்து நோன்பும்

மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயில் இப்பாதையோடு பிரிக்க முடியாதவாறு இணைந்தது. மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட அம்மனுக்கு 1852இல் வயல்நிலம் ஒன்று நன்கொடையாகக் கிடைத்ததாகவும், 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் உதவியோடு கோயில் கட்டப்பெற்றதாகவும் கோயில் வரலாறு கூறுகிறது. மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் திருவிழா மலையகம் முழுவதிலும் புகழ்பெற்றது. 1983 ஜூலை வன்செயலில் தீக்கிரையான கோயில் மீண்டும் எழுப்பப்பட்டு, இன்று 108 அடி உயர இராசகோபுரத்தோடு நிற்கிறது. நடைப்பயணத்தில் பிழைத்து வந்தோர் நன்றிசெலுத்தவும், தோட்டங்களில் அம்மை கண்டபோது நேர்த்தி வைக்கவும் முதலில் நாடிய தெய்வம் மாரியம்மனே ஆதலால், தோட்டந்தோறும் சிறு மாரியம்மன் கோயில்களும் தோன்றின.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் அம்மை கண்ட வீட்டின் நடைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. வாசலில் வேப்பிலை கட்டப்படும். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். நோயாளி வேப்பிலை பரப்பிய விரிப்பில் கிடத்தப்படுவார். அவ்வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, தாளிப்பு இல்லை, மீனும் இறைச்சியும் இல்லை. இளநீர், கூழ், மோர் ஆகிய குளிர்ந்த உணவே கொடுக்கப்படும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் வேறு வீடுகளுக்குப் போவதில்லை. மாலையில் மாரியம்மன் தாலாட்டுப் பாடப்படும். கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய பின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றி, அம்மனை வழியனுப்பும் பூசையோடு விலக்கு நீங்கும்.

இந்நோன்பில் நோயாளியைத் தனிமைப்படுத்தும் கூறு வலுவாகவே இருந்தது. வந்துபோவோர் இல்லாமையும், பொருக்கு உதிரும்வரை விலக்கு நீடித்தமையும் தொற்றைக் குறைக்க உதவியிருக்கக்கூடியவை. எனினும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பரா அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமோ அதற்கு மேலோ நெருங்கி வாழ்ந்த லயத்தில், வாசலில் கட்டிய வேப்பிலையால் இயன்றது சிறிதே. நோன்பு நுழைவைத் தடுத்தது. லயத்தின் அமைப்போ பெருக்கத்துக்கு வழிவிட்டது.

அம்மைப்பால் குத்தும் தொழில்

கண்டி அரசு வீழ்ந்த பின்னர் அம்மைப்பால் குத்துவோர் மலைநாட்டுக்கும் வந்தனர். அவர்கள் செய்த தொழில் நுட்பமானது, எளிதில் பிழைபோகக்கூடியது. அம்மைப்பால் வெயிலில் விரைவில் வலுவிழந்துவிடுவதால் அதனைச் சேமித்து வைப்பது கடினம். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘கைக்குக் கை’ என்னும் முறையே கையாளப்பட்டது. ஒரு குழந்தையின் மேற்கையில் கூரிய கத்திமுனையால் கீறி அம்மைப்பாலைத் தடவுவர். எட்டாம் நாள் அக்கீறலில் தெளிந்த நீர்கோத்த கொப்புளம் எழுந்திருக்கும். அதைக் குத்தி எடுத்த நீரை உடனே அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவர். இவ்வாறு ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்கு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சங்கிலியாக அது சென்றது. இடையில் எட்டாம் நாள் குழந்தையைக் கொண்டுவரப் பெற்றோர் மறுத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

பெற்றோர் மறுப்பதற்குக் காரணங்கள் இருந்தன. பிற சாதியினர் உடலிலிருந்து எடுத்த நீரைத் தம் குழந்தையின் உடலில் ஏற்றுவதைச் சிலர் விரும்பவில்லை. அம்மன் வரவேண்டிய உடலில் இரும்பு படுவதைச் சிலர் அஞ்சினர். கொப்புளத்தைக் குத்தும்போது தம் குழந்தை நோவதைக் காணப் பலர் பொறுக்கவில்லை. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை நூற்றாண்டின் இறுதியில் பரவிய பின்னரே இத்தடைகளுள் முதலாவது தளர்ந்தது. 1886ஆம் ஆண்டின் அம்மைப்பால் கட்டளைச் சட்டம் பெரியம்மைத் தடுப்பைச் சட்டக் கடமையாக்கியது. நல்ல முறையில் ஏறிய அம்மைப்பால் மேற்கையில் குழிந்த வட்டத் தழும்பொன்றை விட்டுச்செல்லும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்திலும் நோய்த்தடுப்பு முகாம்களிலும் அதிகாரிகள் தொழிலாளரின் சட்டைக்கையை உயர்த்திப் பார்த்தது அத்தழும்பையே. உலக சுகாதார நிறுவனம் 1980 மே 8ஆம் நாள் பெரியம்மை ஒழிந்துவிட்டதென அறிவித்த பின்னரும், மலையகத்தின் முதியோர் கைகளில் அத்தழும்பு எஞ்சியிருந்தது.

நுழைவுக் காவலும் உள்நிலையும்

19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், பம்பாயில் தோன்றிய பிளேக் இலங்கையை அடையும் என்ற அச்சத்தில் வடக்குப் பாதை மூடப்பட்டு, தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு இராகம முகாமில் தங்கவைக்கப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியதும், தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாம் இக்காவலின் நடுவிடமாயிற்று. அங்கே தொழிலாளர் சில நாள்கள் தடுத்துவைக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, துணிகள் கிருமிநீக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பெற்றே கப்பலேறினர். நுழைவைக் காக்கும் ஏற்பாடு என்ற வகையில் மண்டபம் முகாம் திறம்படவே இயங்கியது.

உள்நிலையைச் சீர்படுத்தும் முயற்சியோ மெதுவாகவே நடந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான முதற் கட்டளைச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. 1912இல் மேலும் விரிவான சட்டங்கள் வந்தன. சட்டம் மருத்துவமனைகளையும் மருந்துகளையும் தந்ததே தவிர, லயத்தின் அமைப்பையும் குடிநீரையும் கழிப்பிடத்தையும் உடனடியாக மாற்றவில்லை. அதன் விளைவை மாத்தளை 1916இல் கண்டது. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு, இலங்கையில் தனது கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியை அவ்வாண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணில் பொரித்துப் புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுக்குள் புகும். மருந்து கொடுத்ததும் தொழிலாளரின் உடலிலிருந்து புழு நீங்கியது. கழிப்பிடங்கள் இல்லாத தோட்டங்களிலோ சில மாதங்களில் அதே தொழிலாளருக்கு அதே புழு மீண்டும் தொற்றியது. கழிப்பிடம் கட்டாமல் மருந்து கொடுப்பதில் பயனில்லை என்னும் முடிவுக்கு அம்முயற்சியை நடத்தியோர் வந்து சேர்ந்தனர்.

அம்மைப்பாலில் இருந்தது என்ன

நுழைவுக்கும் பெருக்கத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அம்மைப்பாலின் வைரசிலும் காணலாம். மாத்தளைக் குழந்தைகளின் கைகளில் ஏற்றப்பட்ட அம்மைப்பாலில் இருந்தது எது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பசுவம்மை வைரசே அது என்று எண்ணப்பட்டிருந்தபோது, அம்மைப்பாலில் வளர்ந்துவந்தது பசுவம்மையிலிருந்து வேறுபட்ட தனியொரு வைரசு என்று ஆங்கிலேய அறிஞர் அலன் டௌனி 1939இல் காட்டினார். அதற்கு வாக்சினியா என்று பெயர். பெரியம்மை வைரசு மனிதரை மட்டுமே தொற்றுவது. அதன் உறவான வாக்சினியாவோ மாடு, முயல், எலி, மனிதர் எனப் பல உயிர்களின் கலங்களில் வளரவல்லது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு வைரசுகளுக்கிடையே இத்தகைய வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்னும் கேள்வி, ஆய்வாளரின் கருத்தை வைரசிலிருந்து அது தங்கும் கலத்தின் பக்கம் திருப்பியது.

கலம் என்பது உயிருடலின் அடிப்படை அலகு. செல் என்றும் உயிரணு என்றும் இது வழங்கப்படும். வைரசு தங்கி வளரும் கலத்தை விருந்துவழங்கிக் கலம் என்பர். அக்கலத்தின் வேலைகளைச் செய்பவை புரதங்கள். கலத்தின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்களைப் பற்றிக்கொண்டே பெரும்பாலான வைரசுகள் உள்ளே நுழைகின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். போலியோ வைரசுக்கு சி.டி.155 என்னும் புரதமே ஏற்பி என்பது 1989இல் அறியப்பட்டது. அந்தப் புரதம் இல்லாத எலிக் கலங்களைப் போலியோ தொற்றுவதில்லை. மனித மரபணுவை ஏற்றி அப்புரதத்தை உண்டாக்கினால் தொற்றுகிறது.

அம்மை வைரசுகளின் வழி வேறு. பெரும்பாலான கலங்களின் மேற்பரப்பில் பொதுவாகக் காணப்படும் சர்க்கரைத் தொடர்களைப் பற்றிக்கொண்டு வாக்சினியா ஏறத்தாழ எக்கலத்திலும் நுழைந்துவிடுகிறது. அது பெருகுமா, மாயுமா என்பது நுழைந்த பின்னரே முடிவாகிறது. கலத்துக்குள் உள்ள பி.கே.ஆர். என்னும் புரதம், வைரசு உண்டாக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உணர்ந்தவுடன் கலத்தின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும்; உற்பத்தி நின்றால் வைரசும் பெருக முடியாது. இதனை எதிர்க்க வாக்சினியாவிடம் இரு புரதங்கள் உள்ளன. ஒன்று அந்த ஆர்.என்.ஏ.வைப் பி.கே.ஆர். கண்டுகொள்ளாதவாறு மறைக்கிறது, மற்றொன்று பி.கே.ஆர். தாக்க வேண்டிய இலக்கைப் போல வேடமிட்டு அதனைத் திசைதிருப்புகிறது. 1957இல் அலிக் ஐசக்ஸ், ஜான் லின்டன்மன் ஆகியோர் கண்டறிந்த இன்டர்பெரான் என்னும் புரதம், தொற்றிய கலத்திலிருந்து வெளியேறி அண்டைக் கலங்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கப்பட்ட கலம் தற்காப்புப் புரதங்களைப் பெருக்கிக்கொள்வதால், அதற்குள் வைரசு நுழைந்தாலும் வளர்வதில்லை.

புற்றுநோய்க் கலங்களின் நிலை

இத்தற்காப்பு குலைந்த கலங்களும் உண்டு. கட்டுப்பாடின்றிப் பிரிந்து பெருகும் போக்கில், புற்றுநோய்க் கலங்கள் பல இன்டர்பெரானுக்குச் செவிகொடுக்கும் திறனை இழந்துவிடுகின்றன. ஏனெனில் இன்டர்பெரான் வைரசைத் தடுப்பதோடு கலப்பிரிவையும் மட்டுப்படுத்துவது. அக்கலங்களுக்கு ஓயாமல் டி.என்.ஏ. உண்டாக்க வேண்டியிருப்பதால், அதற்கான மூலப்பொருளைத் தரும் தைமிடின் கைனேஸ் என்னும் நொதியும் அவற்றில் மிகுந்திருக்கும். ஆகவே உடலின் இயல்பான கலத்தில் வளர முடியாத வைரசொன்று புற்றுநோய்க் கலத்தில் வளரக்கூடும். புற்றைப் பெருகச் செய்த மாற்றமே அதனை வைரசுக்கு எளிய இரையாக்குகிறது.

இவ்வுண்மையின் சாயலை மருத்துவர்கள் முன்னரே கண்டிருந்தனர். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக், குருதிப்புற்றுடைய ஒரு பெண்மணிக்கு இன்புளுவென்சா கண்டபின் புற்றின் கடுமை தற்காலிகமாகத் தணிந்ததை 1904இல் பதிவுசெய்தார். பாரிசில் லெவாதித்தியும் நிக்கலோவும் 1922இல் எலிகளின் புற்றுக்கட்டிகளில் வாக்சினியாவை வளர்த்துக் காட்டினர். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து பெறப்பட்ட ஹீலா கலங்களில் போலியோ வைரசு செழித்து வளர்வது 1953இல் அறியப்பட்டு, போலியோத் தடுப்பூசியின் ஆய்வுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1971இல் உகாண்டாவில், பர்கிட் நிணநீர்ப் புற்றுடைய சிறுவன் ஒருவனுக்குச் சின்னமுத்து என்னும் தட்டம்மை கண்டபின் கட்டி சுருங்கியது. சின்னமுத்துத் தடுப்பூசியிலுள்ள வைரசு சி.டி.46 என்னும் புரதத்தைப் பற்றி நுழைவதும், அப்புரதம் பல புற்றுநோய்க் கலங்களில் மிகுந்திருப்பதும் பின்னர் தெரியவந்தன.

இன்றைய ஆய்வு இவ்வியல்பைத் திட்டமிட்டே பயன்படுத்துகிறது. வாக்சினியாவின் தைமிடின் கைனேஸ் மரபணுவை நீக்கிவிட்டால், அவ்வைரசு அந்நொதியைத் தான் தங்கும் கலத்திடமிருந்தே பெற வேண்டும்; ஓய்ந்திருக்கும் இயல்பான கலத்தில் அது அரிது, புற்றுநோய்க் கலத்தில் மிகுதி. இவ்வடிப்படையில் உருவாக்கப்பட்ட பெக்சாவெக் என்னும் வைரசு ஈரல் புற்றுக்கு எதிராகப் பெருமளவிலான மருத்துவச் சோதனைக்கு வந்தது. எதிர்பார்த்த பயன் கிடைக்காதெனத் தெரிந்ததால் 2019இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. மாற்றியமைக்கப்பட்ட ஹெர்பீஸ் வைரசான டி-வெக் மட்டும் மெலனோமா என்னும் தோற்புற்றுக்காக 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பி.கே.ஆர். புரதத்தின் தடையைத் தகர்க்கும் வைரசு மரபணு அதில் நீக்கப்பட்டிருப்பதால், தற்காப்பு குலையாத கலங்களில் அது வளர்வதில்லை. எல்லாப் புற்றுகளும் ஒரே தற்காப்பை இழப்பதில்லை என்பதும், ஒரே கட்டிக்குள்ளேயே கலத்துக்குக் கலம் புரதங்கள் வேறுபடும் என்பதும், முன்னரே அம்மைப்பால் குத்திக்கொண்டவர்களின் உடல் வாக்சினியாவை விரைந்து அழித்துவிடக்கூடும் என்பதும் இம்மருத்துவத்தின் முன்னுள்ள தடைகள். கலம் வைரசை ஏற்கிறதா என்பதை மட்டும் நோக்காமல், வளரவிடுகிறதா என்பதையும் சோதித்தறிந்தே நோயாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மாத்தளைக்கு உரிய பாடம்

வைரசுக்கும் விருந்துவழங்கிக் கலத்தின் புரதங்களுக்கும் உள்ள உறவு எதிர்த்திசையிலும் இயங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றில் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைக் கண்டறிந்தார். இதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். ஹீலா கலங்களிலும் இருப்பது எச்.பி.வி. 18ஆம் வகையே. கலம் தவறாகப் பிரியாமல் காக்கும் பி53 என்னும் புரதத்தை இவ்வைரசு சிதைக்கச் செய்கிறது. கலப்பிரிவுக்குக் கடிவாளமாக உள்ள ஆர்.பி. புரதத்தையும் கட்டிப்போடுகிறது. கலத்தின் காவற்புரதங்கள் இரண்டும் விழுந்தபின் பல ஆண்டுகளில் புற்று உருவாகிறது. உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுகளில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இவ்விரு வகைகளே காரணம்.

இலங்கை 2017இல் எச்.பி.வி. தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்து, தரம் 6இல் பயிலும் மாணவியருக்குப் பாடசாலையிலேயே இலவசமாக வழங்கத் தொடங்கியது. இது நுழைவைத் தடுக்கும் ஏற்பாடு. 1996இலிருந்து நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில், 35 வயதை எட்டிய பெண்களின் கருப்பைக் கழுத்துக் கலங்கள் சோதிக்கப்பட்டு, புற்றாக மாறுவதற்கு முன்னரே மாற்றம் கண்டறியப்படுகிறது. இது நுழைந்துவிட்ட வைரசு புற்றை வளர்க்காமல் தடுக்கும் ஏற்பாடு. முன்னது தனித்து நின்றால் ஏற்கெனவே தொற்றுக்கு ஆளான தாய்மாரைக் காக்காது. பின்னது தனித்து நின்றால் அடுத்த தலைமுறையும் அதே நோய்க்கு ஆளாகும்.

மண்டபம் முகாமில் தழும்பைச் சோதித்த அரசு லயத்தைச் சோதிக்க மறந்தமையால் விளைந்த இழப்பை மாத்தளையின் வரலாறு நன்கு பதிவுசெய்திருக்கிறது. அதே பிழை திரும்பாதிருக்க, தோட்டப் பாடசாலைகளில் தடுப்பூசி நாளில் ஒரு மாணவியும் விடுபடக்கூடாது. பிரட்டுக் களத்துக்குப் போகும் பெண்களுக்குக் கிளினிக் செல்ல ஒரு நாட்கூலி இழப்பு நேரக்கூடாது. முதலாவதைப் பெற்றோரும் ஆசிரியரும் உறுதிசெய்யலாம். இரண்டாவதைத் தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் உறுதிசெய்தல் வேண்டும்.